தச்சர் சொன்னது

1

"இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது."

இப்படித்தான் முதலில் எழுதினேன். எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு அச்சகத்தின் சுவரில் தொங்கிய கம்பியிலிருந்து ஒரு தாளை உருவி என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கதை பிறந்தது அன்றைக்கு. பிறந்ததை எங்கே ஒளித்துவைத்தாய் என்று கேட்கத்தான் தொலைபேசி வந்தது.

"அம்மா, நான் கமா சாரோட பொண்ணு பேசறேன். ஞாபகம் இருக்குங்களா?"

"எந்தக் கமா சார்?"

(பாருங்கள், இரண்டாவது வரியிலேயே பொய். இந்த உலகத்தில் எத்தனை கமா சார் இருக்க முடியும்?)

"வாரப் பத்திரிகையில புரூஃப் பாத்தாரேம்மா. நீங்க அதுல புதிர் போடுவீங்களாமே."

"ஆமா ஆமா. எப்படி இருக்கார்?"

"எண்பத்தி நாலு ஆச்சு. கண்ணு நல்லா இருக்கு. நானே சோதிச்சேன், கண்ணாடிக் கடையிலதான் எனக்கு வேலை. கடைசி வரிசை பொடி எழுத்து வரைக்கும் படிக்கறார். மனசுதான் அங்கங்க வரி விட்டுப்போகுது. சில நாள் என்னையே யாருன்னு கேக்கறார். ஆனா ஒண்ணு மட்டும் விடாம தினமும் கேக்கறார்."

"என்ன?"

"'அந்த வரிய நான் விட்டுட்டேனா?'ன்னு."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"எந்த வரிப்பான்னா, 'தச்சர் வரி'ங்கறார். எங்க வம்சத்துலயே தச்சர் கிடையாதும்மா! நேத்து திடீர்னு, 'புதிர் அம்மாவுக்குத் தெரியும்'னார். நீங்க ஒருதடவை வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவர் நிம்மதியா இருப்பார். விட்டுட்டார், இல்ல விடலை. எதுவா இருந்தாலும் சரி."

"பாக்கறேம்மா" என்றேன்.

நம் மொழியில் "பாக்கறேன்" என்றால் "மாட்டேன்" என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: *ஒரு ஊரில் இரண்டே வகை மனிதர்கள். ஒரு வகையினர் எப்போதும் உண்மையே பேசுவார்கள். மற்றவர்கள் எப்போதும் பொய்யே பேசுவார்கள். ஒருநாள் அந்த ஊருக்கு ஒரு வழிப்போக்கர்*

இது எனக்குப் பழகிப்போன தொடக்கம். பத்தொன்பது வருஷம் வாரம் தவறாமல் இப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த ஊரில் வசதி அதிகம். பொய்யர் பாதி உண்மை சொல்லிக் குழப்பமாட்டார். உண்மையாளர் தயங்கமாட்டார். ஒரே கேள்வி, ஒரே விடை, விடை அடுத்த இதழில். அந்த ஊரை உண்டாக்கியவள் நான். ஆனால் ஒருநாள்கூட அங்கே குடியிருக்க எனக்குத் தகுதி இருந்ததில்லை. ஆகவே இது வேண்டாம்.

இரண்டாவது: *புதிர் ஆசிரியருக்கு வயது நாற்பது. மீசையைத் தடவிக்கொண்டே அவர் அச்சகத்தின் படியேறியபோது*

எனக்குக் கதை காதில்தான் வரும். அதனால் எழுதியதை யாருக்காவது வாசித்துக் காட்டினால்தான் அது கதையா கழுதையா என்று தெரியும். வீட்டில் இருப்பது நானும் என் தங்கையும். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"யாருக்கா இந்த ஆளு?"

"கதையில வர்றவர்."

"மீசைய மழிச்சா அப்படியே உன் மூஞ்சி வருதே."

"கதைன்னா அப்படித்தான், கொஞ்சம் மாத்தி எழுதணும்."

"மாத்து, மாத்து. அந்தத் தாள் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"எந்தத் தாள்?"

"பீரோவுல, கம்பளிக்கு அடியில, பிளாஸ்டிக் உறைக்குள்ள. வருஷா வருஷம் கம்பளிய வெயில்ல போடறப்ப எடுத்து, துடைச்சு, திரும்ப வெக்கறது யாருன்னு நெனச்சே? கம்பி குத்தின ஓட்டையோட ஒரு புதிரை ஒருத்தி எதுக்கு இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வெக்கறா? எனக்கும் கூட்டல் கழித்தல் வரும்."

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

அவள் என் புடவையை மடித்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, என் பக்கமாகத் தள்ளிவைத்தாள். மீசைக்காரரை அந்த நிமிஷமே விட்டுவிட்டேன். இனிமேல் வருவது நான்.

3

அந்தப் புதிரைச் சொல்லிவிடுகிறேன். பயப்படவேண்டாம், நீங்கள் கணக்குப் போடவேண்டாம். விடையையும் சேர்த்தே சொல்கிறேன்.

பத்திரிகையின் ஆயிரமாவது இதழ். பரிசு ஒரு தையல் இயந்திரம். சரியான விடையோடு முதலில் பிரிக்கப்படும் கடிதத்துக்கு.

உண்மையர், பொய்யர் ஊரில் மூன்று பேர். தையல்காரர், "கொத்தனார் பொய்யர்" என்கிறார். கொத்தனார், "தச்சர் பொய்யர்" என்கிறார். தச்சர், "அவர்கள் இருவருமே பொய்யர்கள்" என்கிறார். உண்மை பேசுபவர் யார்?

விடை: கொத்தனார் மட்டும்.

இதில் தச்சர் பேசும் அந்த வரியை எடுத்துவிட்டால் விடை இரண்டாகிவிடும். கொத்தனார் மட்டும் உண்மையர் என்றாலும் பொருந்தும். கொத்தனார் பொய்யர், மற்ற இருவரும் உண்மையர் என்றாலும் பொருந்தும். எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வரிதான்.

அந்த வரியை நான் எழுதவில்லை.

மறந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தச்சர் என் காதில் அவ்வளவு தெளிவாகப் பேசிவிட்டார். கொஞ்சம் மூக்கடைத்த குரலில், எரிச்சலாக. அவர் பேசி முடித்ததும் வேலை முடிந்தது என்று தாளை மடித்துவிட்டேன். கேட்டால் போதாது, எழுதவும் வேண்டும் என்பது, காதால் எழுதுகிறவர்கள் மட்டும் மறக்கக்கூடிய விஷயம்.

புரூஃப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் எழுத்துப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார், புள்ளி, கமா எதையும் விடாமல். மற்றவர் அச்சான தாளை வைத்துக்கொண்டு பென்சில் முனையால் ஒவ்வொரு சொல்லாக ஒத்துப்பார்ப்பார். இருபது வருஷம் அப்படிப் பார்த்ததில் கமா சாருக்குப் பேச்சிலும் அது ஒட்டிக்கொண்டது. "டீ குடிக்கப் போறேன், கமா, யாருக்காவது வேணுமா, கேள்விக்குறி." அச்சகமே சிரிக்கும். அவரும் சிரிப்பார். அவர் சொந்தப் பெயரைச் சம்பளத் தாளில்தான் பார்க்கலாம்.

அன்றைக்கு அவருக்குப் படித்துக்காட்டுகிறவர் விடுப்பு. நான் அங்கே இருந்ததால் நானே படித்தேன்.

"தையல்காரர் சொன்னார், கமா, கொட்டேஷன், கொத்தனார் பொய்யர், புள்ளி, கொட்டேஷன் முடிஞ்சுது."

"ம்."

"கொத்தனார் சொன்னார், கமா, கொட்டேஷன், தச்சர் பொய்யர், புள்ளி, கொட்டேஷன் முடிஞ்சுது. புதுப் பத்தி. உண்மை பேசுபவர் யார், கேள்விக்குறி."

பென்சில் நின்றது.

"அம்மா, தச்சர் வாயே திறக்கலையே?"

அவர் கேட்டார். இந்தக் கதையில் வேறு எதை நீங்கள் நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள். அவர் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். *நான் சிரித்துக்கொண்டே* (சிரிக்கவில்லை.) *அவசரத்தில், பேருந்துக்கு நேரமாகிவிட்டதால்* (பேருந்து எட்டு நிமிஷத்துக்கு ஒன்று.) சொன்னது இதுதான்:

"தச்சர் பேசினா என்ன, பேசாட்டி உங்களுக்கென்ன? தாள்ல இருக்கறது அச்சுல இருக்கா, அதை மட்டும் பாருங்க. ஒத்துப்பாக்கறதுதான் உங்க வேலை. யோசிக்கறது இல்ல."

பக்கத்தில் அச்சுக்கோக்கிறவர் யாரோ "களுக்" என்று சிரித்தார். கமா சாரும் சிரித்தார். "சரிங்கம்மா, புள்ளி" என்று கையெழுத்துப் போட்டார்.

4

இந்தப் பகுதியில் சில காரணங்களை எழுதியிருந்தேன். அப்போதெல்லாம் கணக்குப் புதிர் போடுகிற பெண் நான் ஒருத்திதான் என்பது, பிழை வந்தால் உடனே "பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பக்கம்" என்பார்கள் என்பது, அந்தப் பக்கத்தை வாங்க நான் எத்தனை வருஷம்

அடித்துவிட்டேன். படித்தால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும்.

(அடித்தும் தெரிகிறது, இல்லையா? தெரியட்டும் என்றுதான் இவ்வளவு மெல்லிசாக அடித்தேனோ என்னவோ. எழுதுகிறவள்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.)

5

கடிதங்கள் இரண்டு சாக்கில் வந்தன. முதல் சாக்கைக் கொட்டியதுமே தெரிந்துவிட்டது. பாதிப் பேர் "கொத்தனார்", பாதிப் பேர் "தையல்காரரும் தச்சரும்". பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இரண்டு விடையும் சரி என்று கட்டம் போட்டுக் காட்டி, "பரிசாக இரண்டு இயந்திரம் தருவீர்களா?" என்று கேட்டிருந்தார்.

பத்திரிகை ஆசிரியர் கூப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நான் அச்சகத்துக்குப் போனேன். அச்சேறிய பிரதிகளை மூன்று மாசம் ஒரு வளைந்த கம்பியில் குத்திவைப்பார்கள். என் தாள் மேலேயே இருந்தது. இரண்டு வரி. என் கையெழுத்து. இரண்டே வரி.

உருவினேன். சத்தமே வரவில்லை. தாள் கிழியாமல் வந்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆசிரியர் அறை.

"ஊரே சிரிக்குது. ஆயிரமாவது இதழ்! யாரு தப்பு இது?"

"நான் மூணு வரி எழுதிக் குடுத்தேன் சார். தச்சர் வரியும் இருந்துச்சு."

என் குரல் நடுங்கியது என்று எழுத ஆசை. நடுங்கவில்லை. அதுவரை நான் உண்டாக்கிய அத்தனை பொய்யர்களும் அன்றைக்கு எனக்குக் குரல் கொடுத்தார்கள்.

"என்னய்யா கமா?"

"ஒத்துப்பாத்தேன் சார். ரெண்டு தடவை."

"வரி இருந்துச்சா, இல்லையா?"

"நான் பாத்தப்ப இல்ல சார்."

"அம்மா இருந்துச்சுங்கறாங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருந்தால் எது சரி என்று பார்ப்பாரே, அப்படி.

"அப்ப இருந்திருக்கும் சார். அம்மா எதுக்குப் பொய் சொல்லப்போறாங்க?"

"எழுத்துப்பிரதி எங்க?"

"கம்பியில இல்ல சார். இப்பதான் தேடிட்டு வர்றேன்."

"அதையும் தொலைச்சாச்சா? நல்லா இருக்குய்யா. சரி, அம்மா புதிர்ல வர்ற மாதிரியே ஒரே ஒரு கேள்வி. அந்த வரிய நீங்க விட்டீங்களா, விடலையா?"

"தெரியலை சார்."

என் ஊரில் யாரும் "தெரியலை" என்று சொன்னதில்லை. உண்மையர் சொல்லமாட்டார், அவருக்கு எல்லாம் தெரியும். பொய்யரும் சொல்லமாட்டார். தன் கண்ணை விட அடுத்தவர் வார்த்தையை நம்புகிற ஒரு மனிதருக்கு அந்த ஊரில் நான் வீடே கட்டவில்லை. அறையில் ஒருத்தி நிச்சயமாகப் பேசினாள், ஒருவர் தயங்கினார். ஆசிரியர் என் ஊர்ச் சட்டப்படிதான் தீர்ப்புச் சொன்னார்.

"அப்பவே அம்மாகிட்ட கேட்டேன் சார்." நாலே வார்த்தை. அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று காத்திருந்தேன்; சொன்னால் என்ன பதில் சொல்லலாம் என்பதையும் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பதிலை இங்கே எழுதமாட்டேன்.

6

அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பார்சல் அறைக்கு மாற்றினார்கள். சந்தாதாரர் முகவரிச் சீட்டுகளுக்குப் பசை தடவி உறையில் ஒட்டும் வேலை. ஒத்துப்பார்க்க ஒன்றுமில்லாத வேலை. பதினாறு வருஷம், ஓய்வு பெறும்வரை. மாடிப்படிக்கு அந்த அறையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"வணக்கம்மா. இந்த வாரப் புதிர்ல எல்லாரும் பேசிட்டாங்களாம்மா?"

வாராவாரம் கேட்பார். குத்திக்காட்டுகிறார் என்று முதல் சில வருஷம் நினைத்தேன். நினைத்து, அவர்மேல் கோபப்பட்டேன். ஆமாம், நான் அவர்மேல். பிறகு ஒருநாள் கவனித்தேன். ஒட்டி முடித்த உறைகளை அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகவரி இருக்கிறதா, இருக்கிறதா என்று. பார்த்து முடித்து, மறுபடி முதல் உறையிலிருந்து ஆரம்பித்தார்.*

அவர் என்னைக் குத்தவில்லை. தான் விட்டுவிட்டோம் என்று நம்பிவிட்டார். இன்னொருதடவை விட்டுவிடக்கூடாதே என்று எனக்காகக் கவலைப்பட்டார்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். "எல்லாரும் பேசிட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு மாடியேறினேன்.

*மகள் போனில் சொன்ன இன்னொன்று: "வீட்டைப் பூட்டிட்டு நாலு தடவை திரும்பி வருவார்மா. சின்ன வயசுல நாங்க கிண்டல் பண்ணுவோம், 'அப்பா, பூட்டு பேசிடுச்சா?'ன்னு." இதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லத் தைரியம் வரவில்லை, அடிக்குறிப்பில் ஒளிக்கிறேன்.

7

முடிவுகள்.

அ. நான் போகிறேன். தாளை அவர் கையில் தருகிறேன். அவர் படிக்கிறார். *"பரவாயில்லம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அவர் கண்ணில்*

வேண்டாம். மன்னிப்பையும் நானே எழுதி நானே வாங்கிக்கொள்வதா? இது இரண்டாவது திருட்டு.

ஆ. நான் போகிறேன். "நீங்க விடலை சார். அச்சுக்கோத்தவர் விட்டுட்டார்" என்கிறேன். அவருக்கு நிம்மதி. எனக்கும் ஒன்றும் ஆகாது. அச்சுக்கோத்தவர் காலமாகி இருபது வருஷம்.

இதைத் தங்கைக்கு வாசித்தேன்.

"செத்தவன் வந்து இல்லேன்னா சொல்லப்போறான்? உனக்குன்னு எப்பவும் ஒரு வாயில்லாத ஆள் கிடைச்சுடுதுக்கா."

இ. நான் போகவில்லை. கொஞ்ச நாளில் அவர் கேள்வியையும் மறந்துவிடுகிறார். மகள் மறுபடி கூப்பிடவில்லை.

இதைக் கேட்டதும் தங்கை எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். இந்த முடிவு இரண்டு மாசம் நடந்துகொண்டிருந்தது. எழுதுவதற்கு நான் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை.

8

இந்தப் பகுதி அச்சில் இல்லை. ஏழாவது வரை பதிப்பகத்துக்குக் கொடுத்து, அச்சாகி புரூஃப் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் பாதி காலியாக இருக்கிறது. அதில் கையால் எழுதுகிறேன்.

நேற்று நானே கூப்பிட்டேன்.

"என் கதை ஒண்ணு புரூஃப் வந்திருக்கும்மா. படிக்க நான் இருக்கேன். ஒத்துப்பாக்க ஆள் வேணும்."

"அப்பாவையா கேக்கறீங்க?" மகள் ரிசீவரைப் பொத்தாமலே கத்தினாள். "அப்பா! புதிர் அம்மா உங்களுக்கு புரூஃப் வேலை தர்றாங்க!"

தூரத்தில் ஒரு குரல், கொஞ்சம் கரகரத்து: "எத்தனை பக்கம், கேள்விக்குறி."

பிறகு: "பென்சில் சீவி வை."

நாளைக் காலை பத்து மணிக்கு அழைத்துவருகிறாள். மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாயிற்று. எழுத்துப்பிரதி என் கையில் இருக்கும், அச்சு அவர் கையில். நான் உரக்கப் படிக்கவேண்டும், புள்ளி கமாவோடு. தையல்காரர், கொத்தனார், பேருந்து, கம்பி, கைப்பை, பார்சல் அறை. ஒரு வரியைத் தாண்டினால் போதும், பென்சில் நின்றுவிடும்; அவர் மனசு எங்கே விட்டுப்போனாலும் அந்தப் பென்சில் விடாது. அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டேன். என்னை நம்பி நான் எந்த அறைக்குள்ளும் போகமாட்டேன்.

தாளையும் பீரோவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இரண்டு வரி, ஒரு ஓட்டை.

"நாளைக்குப் படிச்சுடுவியா?" என்று தங்கை கேட்டாள்.

"பாக்கறேன்."

"அந்த வார்த்தைய என்கிட்ட சொல்லாதே."

"படிக்கறேன்" என்றேன்.

எனக்கு ஒரு முடிவு தெரியும் என்றால் எழுதிவிடுவேன். தெரியலை. (எழுதிப் பார்த்தபோதுதான் தெரிகிறது, எவ்வளவு நேர்மையான வார்த்தை அது.) ஆகவே கீழே ஒரு வரிக்கு இடம் விட்டுவைக்கிறேன். அவர் என்ன சொல்கிறாரோ, திட்டினாலும் சரி, அதை அவருடைய பென்சிலாலேயே அதில் எழுதி, மறுநாள் பதிப்பகத்துக்கு அனுப்பவேண்டும்.

உங்கள் கைக்கு வரும்போது அந்த இடம் காலியாக இருந்தால் இரண்டு விடை பொருந்தும். நான் படித்தேன், அவர் பேசவில்லை. அல்லது, பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. எது என்று என்னைக் கேட்காதீர்கள். படித்தேன் என்றுதான் சொல்வேன். அந்த ஊரில் எந்த வகைக்காரியாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

தச்சர் சொன்னார்,